எஸ். பி. ஈகிள் என்றொரு தயாரிப்பாளர்

'தி ஆப்பிரிக்கன் குயின்' படத்தை 1951-இல் தியேட்டரில் பார்த்தவர்கள் டைட்டிலில் தயாரிப்பாளர் என்று படித்த பெயர் எஸ். பி. ஈகிள். அப்படி ஓர் ஆள் கிடையாது. சாம் ஸ்பீகல் என்ற ஆள் தன் குடும்பப் பெயரை நடுவில் வெட்டிச் செய்துகொண்ட பெயர் அது. அவர் ஹாலிவுட்டுக்கு வந்தபோது அந்தக் குடும்பப் பெயருக்குப் பின்னால் இரண்டு நாட்டுச் சிறைகளும், கொடுக்காத கடன்களும், திரும்பி வந்த காசோலைகளும் இருந்தன. அதனால் பத்து வருடத்துக்கு மேல் வேறு பெயரில் படம் எடுத்தார்.

இந்த மனிதரைப் பற்றி எழுதவேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். சிறந்த படத்துக்கான ஆஸ்கரை மூன்று முறை, மூன்று முறையும் ஒற்றைத் தயாரிப்பாளராக வாங்கியவர். 'ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்', 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்', 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'. மூன்றும் ஒன்பது வருடங்களுக்குள் வெளிவந்தவை. இயக்குநர்களான இலியா கஸானையும் டேவிட் லீனையும் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறோம். இந்த மூன்றுக்கும் பொதுவாக நின்ற ஆளைப் பற்றித் தமிழில் அதிகம் படித்த நினைவில்லை.

ஸ்பீகல் பிறந்தது 1901-இல், யாரோஸ்வாவ் என்ற ஊரில். அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு, இப்போது போலந்து. யூதக் குடும்பம். அண்ணன் ஷாலோம் பிற்காலத்தில் ஹீப்ரு இலக்கியத்தில் பெரிய அறிஞராகி நியூயார்க்கில் பேராசிரியராக இருந்தார். தம்பி சாம் இளவயதில் பாலஸ்தீனத்துக்குப் போனார், கல்யாணம் செய்துகொண்டார், ஒரு மகள் பிறந்தாள். 1927-இல் இருவரையும் அங்கேயே விட்டுவிட்டு அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார். இதை எப்படிச் சொன்னாலும் நல்லதாகத் தெரியாது. அவர் வாழ்க்கையில் இப்படிப்பட்டது இது ஒன்றுதான் என்றும் சொல்லமுடியாது.

அமெரிக்காவில் செல்லாத காசோலை கொடுத்ததற்காகச் சிறை, அப்புறம் நாடு கடத்தல். பெர்லினுக்கு வந்து யுனிவர்சல் நிறுவனத்துக்கு வேலை பார்த்தார். முதல் உலகப்போரை எதிர்த்துப் பேசிய 'ஆல் குவைட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' படத்தை ஜெர்மனியில் வெளியிடும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1930 டிசம்பரில் அந்தப் படம் ஓடிய தியேட்டருக்குள் கோயபல்ஸின் ஆட்கள் வெள்ளை எலிகளை அவிழ்த்துவிட்டு, நாற்றக் குண்டு வீசிக் கலவரம் செய்தார்கள். சில நாட்களில் படம் தடைசெய்யப்பட்டது. 1933-இல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும் ஸ்பீகல் தப்பித்து ஓடினார். வியன்னா, லண்டன். லண்டனில் பஸ்டர் கீட்டனை வைத்து ஒரு சின்னப் படம் எடுத்தார். கீட்டனுக்கும் அது இறங்குமுகமான காலம். அங்கேயும் பண மோசடிக்காகச் சிறை, மறுபடி நாடு கடத்தல். கடைசியில் மெக்சிகோ வழியாக, முறையான காகிதம் இல்லாமல், அமெரிக்காவுக்குள் நுழைந்தார்.

தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவர் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். ஸ்பீகலிடம் ஐம்பது வயது வரை சொந்தப் பணம் என்று ஒன்று நிலைத்து இருந்ததே இல்லை. அவரிடம் இருந்தது பேச்சு. யாரை எந்த நேரத்தில் என்ன சொல்லி இழுக்கலாம் என்ற கணக்கு. 1942-இல் வந்த 'டேல்ஸ் ஆஃப் மன்ஹாட்டன்' அதற்கு நல்ல உதாரணம். ஒரு கோட்டு கைமாறிக் கைமாறிப் போகும் கதை. சார்லஸ் போயர், ரீட்டா ஹேவொர்த், ஹென்றி ஃபாண்டா, சார்லஸ் லாட்டன், பால் ராப்சன் என்று அத்தனை பெரிய நட்சத்திரங்களையும் ஒரே படத்தில் சேர்த்தார். அவர் ஒவ்வொரு வருடமும் புத்தாண்டு இரவில் வீட்டில் கொடுத்த விருந்துக்கு ஹாலிவுட்டே வரும். மதுவுக்கான பாக்கி நிற்கும், அது வேறு விஷயம். ஸ்பீகல் என்பதை எஸ். பி. ஈகிள் என்று பிரித்ததைப் பார்த்து, ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் ஸ்டூடியோவின் தலைவர் டாரில் ஸானக்கும் இனி இசட். ஏ. நக் என்று போட்டுக்கொள்ளலாம் என்று ஊரே பேசிச் சிரித்தது.

'தி ஆப்பிரிக்கன் குயின்' இயக்குநர் ஜான் ஹஸ்டனோடு சேர்ந்து நடத்திய ஹொரைசன் கம்பெனியின் படம். காங்கோவுக்கும் உகாண்டாவுக்கும் போய் எடுத்தார்கள். லண்டனில் வூல்ஃப் சகோதரர்களிடமிருந்து ஒரு பங்குப் பணத்தைத் திரட்டி, அதைக் காட்டி மற்றதைத் திரட்டி, கேத்தரின் ஹெப்பர்னையும் ஹம்ஃப்ரி போகார்ட்டையும் சம்மதிக்கவைத்தார். போகார்ட்டுக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கர் இந்தப் படத்துக்குத்தான். படம் நன்றாக ஓடியது. ஹஸ்டன் தனக்கு வரவேண்டியது வரவில்லை என்று சலித்துப்போய்க் கம்பெனியை விட்டே விலகிவிட்டார்.

'வாட்டர்ஃப்ரண்ட்' கதைதான் எனக்கு மிகப் பிடித்தது. கஸானும் எழுத்தாளர் பட் ஷுல்பெர்க்கும் துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றிய கதையோடு ஸானக்கிடம் போய், வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டு, பெவர்லி ஹில்ஸ் ஹோட்டல் அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிர் அறை ஸ்பீகலுடையது, அங்கே விருந்து நடக்கிறது. அவர் எட்டிப் பார்க்கிறார். ஷுல்பெர்க் கதையைச் சொல்கிறார். எல்லா ஸ்டூடியோவும் ஒதுக்கிய கதையை ஸ்பீகல் எடுத்துக்கொள்கிறார். கையில் காசு இல்லாத ஒருவர், யாரும் தொடாத கதைக்கு நான் இருக்கிறேன் என்று சொல்வது சாதாரணம் இல்லை. ஒன்றும் இல்லாதவருக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும் என்று யாராவது சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஸ்பீகலுக்குக் கதை தெரியும். திரைக்கதையில் எங்கே தொய்வு என்று அவருக்கு வயிற்றில் தெரியும்.

அதனால் ஷுல்பெர்க்கைத் திருப்பித் திருப்பி எழுதவைத்தார். இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரு முறை என்று மாதக்கணக்கில். ஒரு நாள் விடியற்காலை மூன்றரை மணிக்கு ஷுல்பெர்க் முகச்சவரம் செய்துகொண்டிருக்க, மனைவி எழுந்து வந்து என்ன என்று கேட்டாராம். நியூயார்க்குக்குப் போகிறேன், ஸ்பீகலைக் கொல்ல என்றாராம் அவர். ஆனால் திரைக்கதை இறுகியது ஸ்பீகலால்தான் என்று கஸானே பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

அந்தப் படத்தில் டாக்சிக்குள் மார்லன் பிராண்டோவும் ராட் ஸ்டைகரும் அண்ணன் தம்பியாகப் பேசிக்கொள்ளும் காட்சி உலகப் பிரசித்தம். அடுத்த முறை பார்க்கும்போது டாக்சியின் பின் கண்ணாடியைக் கவனியுங்கள். பட்டைத் திரை தொங்குகிறது. எந்த டாக்சியில் அப்படி இருக்கும்? பின்னால் தெரு ஓடுவதுபோலக் காட்ட ஒரு புரொஜெக்டர் வேண்டும், அதை ஸ்பீகல் ஏற்பாடு செய்யவில்லை. ஒளிப்பதிவாளர் போரிஸ் காஃப்மன் கண்ணாடியைத் திரையால் மூடி, விளக்கை ஆட்டி ஆட்டித் தெரு நகர்வதைப்போல் செய்தார். பின்னால் ஒன்றுமே தெரியாததால் இரண்டு முகங்கள் மட்டுமே நம் கண்ணில் நிற்கின்றன. ஒரு மில்லியன் டாலருக்கும் குறைவான செலவில், ஹோபோக்கனின் கடுங்குளிரில் எடுத்த படம். எட்டு ஆஸ்கர். ஐம்பத்திரண்டு வயதில் ஹாலிவுட்டில் முதல் தடவையாக டைட்டிலில் சாம் ஸ்பீகல் என்று சொந்தப் பெயரைப் போட்டார்.

இங்கேதான் எனக்கு ஒரு நெருடல் தொடங்குகிறது. தன் பெயரை மீட்டுக்கொண்ட இதே மனிதரின் அடுத்த பெரிய படத்தில், எழுதியவர்களின் பெயர் இல்லை.

'க்வாய்' படத்துக்கு மூலம் 1952-இல் பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய நாவல். அதைத் திரைக்கதை ஆக்கியவர்கள் கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும். கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தி ஹாலிவுட் ஒதுக்கிவைத்த கறுப்புப் பட்டியலில் இரண்டு பேரும் இருந்தார்கள். ஒருவர் லண்டனில், இன்னொருவர் பிரான்ஸில் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பெயரைப் போட்டால் அமெரிக்காவில் படத்தை வெளியிடமுடியாது. எனவே திரைக்கதை பியர் பூல் என்று போட்டார்கள். திரைக்கதைக்கான ஆஸ்கரும் அவருக்கே போனது. ஆங்கிலத்தில் எழுதாத ஒருவர் ஆங்கிலத் திரைக்கதைக்கு விருது பெற்றார். அகாதமி தவறைத் திருத்தி 1985-இல் அந்த இருவரின் குடும்பத்தாரிடம் விருதைக் கொடுத்தபோது இருவருமே உயிரோடு இல்லை. அன்றைய சூழலில் ஸ்பீகலால் வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். வேலை கொடுத்தாரே, மற்றவர்கள் அதுகூடக் கொடுக்கவில்லையே என்றும் சொல்லலாம், அது உண்மைதான். ஆனால் பட்டியலில் இருப்பவர்களுக்குச் சம்பளம் குறைவு, வாயைத் திறக்கமுடியாது. அது அவருக்கு வசதியாக இருந்தது என்பதும் உண்மை.

படத்தை இலங்கையில் எடுத்தார்கள். களனி ஆற்றின்மேல் கித்துல்கலையில் மரத்தாலேயே முழுப் பாலம் கட்டினார்கள். மரம் இழுக்க யானைகள். மருத்துவமனைக் காட்சி கல்கிசையில் கடற்கரையோரம் நிற்கும் மவுண்ட் லவினியா ஹோட்டலில், கமாண்டோ முகாம் பேராதனைத் தாவரவியல் பூங்காவில். ஜப்பானியரிடம் கைதியாகி, தன் ஆட்களை வைத்து அவர்களுக்கே பாலம் கட்டிக்கொடுக்கும் பிரிட்டிஷ் கர்னலாக நடிக்க அலெக் கின்னஸ் முதலில் முடியவே முடியாது என்றுவிட்டார். ஸ்பீகல் அவரை இரவு உணவுக்கு அழைத்துப்போனார். நடிக்கமாட்டேன் என்று ஆரம்பித்த பேச்சு, சாப்பாடு முடியும்போது எந்த மாதிரி விக் வைத்துக்கொள்ளலாம் என்பதில் வந்து நின்றதாகக் கின்னஸே பிறகு சொல்லியிருக்கிறார். அந்த வேடத்துக்கு அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது.

பாலத்தை வெடிவைத்துத் தகர்க்கும் நாள் 1957 மார்ச் 10. பார்க்கப் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் அதிகாரிகளும் வந்திருந்தார்கள். ஆற்றின் இரு பக்கமும் கேமராக்கள். ஒவ்வொரு கேமராமேனும் கேமராவை ஓடவிட்டுப் பாதுகாப்பான குழிக்குள் போனதும் ஒரு சுவிட்சை அழுத்தவேண்டும், லீன் முன்னால் ஒரு விளக்கு எரியும். எல்லா விளக்கும் எரிந்தால்தான் வெடி. ரயில் வருகிறது. ஒரு விளக்கு எரியவில்லை. ஆள் வெளியிலேயே நிற்கிறாரோ என்று பயந்து லீன் வெடிக்கச் சொல்லாமல் நிறுத்திவிட்டார். ஓட்டுநர் இல்லாத ரயில் பாலத்தைக் கடந்து போய், அந்தப் பக்கம் இருந்த ஜெனரேட்டரில் மோதி நின்றது. இரவோடு இரவாக அதைத் தூக்கி நிறுத்திச் சரிசெய்து, மறுநாள் காலை பாலத்தோடு ஆற்றில் தள்ளினார்கள். இன்று கித்துல்கலைக்குப் போனால் ஆற்றோரம் அந்தப் பாலத்தின் சிமெண்ட் அடித்தளம் மட்டும் இருக்கிறது.

உண்மையான பாலம் தாய்லாந்தில், காஞ்சனபுரியில். 1942-43-இல் ஜப்பானியர்கள் சயாமையும் பர்மாவையும் இணைக்கப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையின் ஒரு பகுதி. 60,000-க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள். 12,000-க்கும் மேல் இறந்தார்கள். நிஜப் பாலத்தில் மூத்த பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த பிலிப் டூஸி, படத்தில் வரும் கர்னலைப்போல ஜப்பானியருக்காக உருகி உருகிக் கட்டியவர் இல்லை. தன் ஆட்களைக் காப்பாற்றப் பாடுபட்டவர். அந்தப் படம் அவர்மேல் போட்ட நிழலைப் பழைய கைதிகள் மன்னிக்கவில்லை.

ஆனால் அந்தப் பாதையில் மிக அதிகமாகச் செத்தவர்கள் கைதிகள் இல்லை. ஆசியத் தொழிலாளர்கள். 1,80,000 பேருக்கு மேல். அவர்களில் ஏறத்தாழ 90,000 பேர் இறந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், அப்புறம் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில். போரால் ரப்பர் வியாபாரம் படுத்து, தோட்டத்தில் வேலை இல்லாமல் கிடந்தவர்கள். நல்ல சம்பளம், கொஞ்ச மாதம்தான் என்று சொல்லி முதலில் அழைத்தார்கள். ஆள் போதவில்லை என்றதும் பிடித்துக்கொண்டு போனார்கள். இலவசமாகச் சினிமா காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்து, கதவைப் பூட்டி, அப்படியே ரயிலில் ஏற்றியதும் நடந்தது. 1943 மழைக்காலத்தில் காலரா முகாம் முகாமாக வாரிக்கொண்டு போனது. கைதிகளுக்காவது கூடவே ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், பெயர்ப் பட்டியல் இருந்தது. இவர்களுக்கு அது எதுவும் இல்லை.

எங்கள் குடும்பம் நாகப்பட்டினம் பக்கம். பாட்டியின் பெரிய அண்ணன் நாகையில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர். "சயாம் ரயிலுக்குப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க" என்பதற்குமேல் அவரைப் பற்றி வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. எந்த முகாம், எந்த மாதம், எப்படி இறந்தார், எதுவும் இல்லை. பாட்டி அவருக்குத் திதி கொடுக்கச் சொல்லி ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் கேட்பார். 'க்வாய்' படத்தை நான் முதன்முதலில் பார்த்தது கல்லூரியில் படிக்கும்போது. சீழ்க்கை அடித்துக்கொண்டே கைதிகள் முகாமுக்குள் நடந்துவரும் காட்சியில் மெய்சிலிர்த்துப்போனேன். இப்போதும் அப்படித்தான். ஆனால் இரண்டே முக்கால் மணி நேரப் படத்தில் அந்தத் தமிழர்களின் நிழல்கூட இல்லை. நாவலை எழுதிய பூல் போருக்கு முன் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தமிழ்த் தொழிலாளர்களை அவர் தினமும் பார்த்திருப்பார். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள், ஒவ்வொன்றாகப் பராமரிக்கப்படுகின்றன. தோட்டத் தொழிலாளர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் வரிசை ஒன்றும் கிடையாது.

இதற்கு ஸ்பீகல் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. அவர் எடுத்தது ஒரு நாவலை, வரலாற்றை இல்லை. ஆனால் அவர் படத்தின் பலம் அப்படி. படம் வந்தபிறகு சுற்றுலாப் பயணிகள் க்வாய் நதி எங்கே என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். நிஜப் பாலத்துக்குக் கீழே ஓடியது மே குளோங் ஆறு. 1960-இல் தாய்லாந்து அந்தப் பகுதிக்கு க்வே யாய் என்று பெயரையே மாற்றிவிட்டது. ஒரு நதியின் பெயரை மாற்றும் வலு உள்ள படம், யாரைக் காட்டியது, யாரை விட்டது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் 'லாரன்ஸ்'. முதல் உலகப்போரில் அரபுக் கிளர்ச்சிக்காரர்களோடு நின்ற பிரிட்டிஷ் அதிகாரி டி. இ. லாரன்ஸின் கதை. லாரன்ஸின் தம்பியைப் பேசி மசியவைத்து உரிமையை வாங்கினார் ஸ்பீகல். பலர் பல வருடம் முயன்று கைவிட்டது அது. 1961 மே மாதம் ஜோர்டான் பாலைவனத்தில் படப்பிடிப்பு ஆரம்பித்தது. தண்ணீரை லாரியில் கொண்டுவரவேண்டிய இடங்களில் லீன் மாதக்கணக்கில் கிடந்தார். ஸ்பீகல் அகபா வளைகுடாவில் மலேன் என்ற தன் உல்லாசப் படகில் இருந்துகொண்டு வேலை வாங்கினார். யூதரான அவர் ஜோர்டான் மண்ணில் இரவு தங்கவில்லை. லீன் பாலைவனத்தை விட்டு வரவே மனமில்லாமல் இருந்தார். ஸ்பீகல் விடாப்பிடியாகப் படப்பிடிப்பை ஸ்பெயினுக்கும் மொராக்கோவுக்கும் மாற்றினார். அதை லீன் மறக்கவே இல்லை. ஆனால் ஸ்பீகல் இழுத்து வந்திராவிட்டால் லீன் அந்த மணலில் இன்னும் இரண்டு வருடம் இருந்திருப்பார், படம் முடிந்திருக்காது என்பது என் கட்சி.

நடுவில் திரைக்கதை எழுதிக்கொண்டிருந்த ராபர்ட் போல்ட் அணுகுண்டு எதிர்ப்புப் போராட்டத்தில் கைதாகிவிட்டார். இனி போராடமாட்டேன் என்று கையெழுத்துப் போட மறுத்ததால் ஒரு மாதச் சிறை. சிறையில் எழுத அனுமதி இல்லை. அங்கே பாலைவனத்தில் அத்தனை பேரும் காத்துக்கிடக்கிறார்கள். ஸ்பீகல் சிறைக்கே நேரில் போய், எத்தனை பேர் பிழைப்பு உன்னால் கெடப்போகிறது என்று பேசி, கையெழுத்துப் போடவைத்து, தன் காரிலேயே அழைத்துவந்தார். அந்தக் கையெழுத்துக்காகப் போல்ட் வாழ்நாள் முழுக்க வருந்தினார். ஸ்பீகலிடம் பேச ஆரம்பித்தால் இப்படித்தான், கின்னஸுக்கு ஆஸ்கர் வந்தது, போல்ட்டுக்கு ஆறாத புண் வந்தது.

போல்ட்டுக்கு முன்னால் 'லாரன்ஸ்' திரைக்கதையை வருடக்கணக்கில் கட்டியவர் அதே மைக்கேல் வில்சன். அதிலும் அவர் பெயர் வரவில்லை. 1995-இல் அது சேர்க்கப்பட்டபோது அவர் இறந்து பதினேழு வருடம் ஆகியிருந்தது.

1962 டிசம்பர் 10-ஆம் தேதி லண்டனில் ராணி முன்னிலையில் முதல் காட்சி. ஏழு ஆஸ்கர். அதற்குப்பின் லீன் ஸ்பீகலோடு சேர்ந்து படம் எடுக்கவே இல்லை. ஸ்பீகலுக்கும் அந்த உயரம் திரும்ப வரவில்லை. 'தி சேஸ்' படத்தின் எடிட்டிங்கை இயக்குநர் ஆர்தர் பென் கையிலிருந்து பிடுங்கிக் கெடுத்தார். 'நிக்கோலஸ் அண்ட் அலெக்ஸாண்ட்ரா'வில் பணம் தெரிகிறது, உயிர் தெரியவில்லை. 1976-இல் கஸானோடு மறுபடி சேர்ந்து ஒரு ஹாலிவுட் தயாரிப்பாளரின் கதையான 'தி லாஸ்ட் டைகூன்' எடுத்தார், அது ஓடவில்லை. 1983-இல் ஹெரால்ட் பின்ட்டரின் நாடகத்திலிருந்து எடுத்த 'பிட்ரேயல்' சின்னப் படம், நல்ல படம். 1985-ஆம் வருடக் கடைசி நாளில், புத்தாண்டு இரவு விருந்துகளுக்குப் பேர்போன மனிதர், கரீபியனில் செயின்ட் மார்ட்டின் தீவில் ஒரு ஹோட்டலில் இறந்தார். சேர்த்துவைத்த ஓவியங்கள் ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போயின. அதே ஊரில் ஒரு திரைப்படப் பள்ளிக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஸ்பீகல் படங்களைப் பார்க்காதவர்கள் 'வாட்டர்ஃப்ரண்ட்'டில் தொடங்குங்கள், ஒன்றே முக்கால் மணி நேரம்தான். 'லாரன்ஸ்' பார்ப்பதானால், வெட்டப்பட்ட காட்சிகளைத் தேடிச் சேர்த்து 1989-இல் மீட்டெடுத்த பிரதியைப் பாருங்கள், கிடைக்கிற மிகப் பெரிய திரையில். 'க்வாய்' படத்தின் மீட்டெடுத்த பிரதிகளில் திரைக்கதை என்ற இடத்தில் ஃபோர்மன், வில்சன் பெயர்கள் இப்போது வருகின்றன. அந்த அட்டை வரும்போது முன்னால் தள்ளி ஓட்டிவிடாதீர்கள். மலேசியாவில் சயாம் ரயிலுக்குப் போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளிடமிருந்து பெயர்களைச் சேகரித்து வருகிறார்கள். உங்கள் வீட்டில் அப்படிப் போனவர் யாராவது இருந்தால், பெயரும் ஊரும் தோட்டமும் தெரிந்தவரை எழுதிவையுங்கள். பாட்டியின் அண்ணன் பற்றி எனக்குத் தெரிந்ததை நானும் எழுதிவைத்திருக்கிறேன். பெயர் மாரிமுத்து. தோட்டத்தின் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.